எந்த மொழியைப் படிப்பது? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

கடைசி வருடப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கேக்க எங்கட ஹொஸ்டல் அறையில் இந்தக் கதை தொடங்கியது. எங்களில் ஒருத்தி, எங்களோடு வரலாறு சிறப்புப் பாடம் படிக்கிறவள், ஒருநாள் இரவு தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "நான் கோடிங் படிக்கப்போறன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பட்டம் முடிச்ச அக்காமார் வேலை கேட்டுப் பதாகையோடு வீதியில் இருக்கிற படங்களை எல்லாரும் பார்த்துத்தான் இருந்தோம்.

அடுத்த கேள்விதான் பிரச்சினை. எந்த மொழி?

பக்கத்து அறை அக்கா, "ஜாவா படி, கொழும்பில கொம்பனியள் எல்லாம் அதைத்தான் கேக்குது" என்றார். கனடாவில் இருக்கிற மாமா வட்ஸப்பில் "பைத்தன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ரவுனில் ஒரு தனியார் வகுப்பில் விசாரித்தபோது, ஜாவாஸ்கிரிப்ட் ஆறு மாதம் படித்தால் வேலை நிச்சயம் என்றார்கள். கட்டணம் அவளின் அப்பாவுடைய இரண்டு மாதச் சம்பளம். எங்கட வகுப்புப் பெடியன் ஒருவன், "ஒண்டும் வேண்டாம், இனி எல்லாத்தையும் ஏஐ எழுதும்" என்றான். நாலு பேர், நாலு பதில். நாலு பேரும் சந்தேகமே இல்லாமல் சொன்னார்கள்.

எங்களுக்குக் கோடிங் தெரியாது. ஆனால் பழசைக் கிண்டத் தெரியும். மொழிக்கும் வேலைக்கும் உள்ள உறவும் இந்த நாட்டில் பிறந்த எங்களுக்குப் புதிதில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, ஒருவருக்கு என்ன மொழி தெரியும் என்பது அவரின் உத்தியோகத்தையே தீர்மானிக்கிற கேள்வியானது. அந்தக் கதையை எங்கட வீடுகளில் தாத்தாமார் இன்னும் சொல்லுகிறார்கள். அதனால் நாங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டோம். கணினி உலகத்தில் எந்த மொழி வேலை தரும் என்பதை இதுவரை யார் தீர்மானித்தார்கள்? எங்களைப் போல வேறு இடத்திலிருந்து வந்து அந்த வேலையில் புகுந்தவர்கள் எதைப் பார்த்துத் தெரிவு செய்தார்கள்?

மொழி இல்லாத காலம்

1940களின் அமெரிக்காவில் 'கம்பியூட்டர்' என்றால் ஓர் உத்தியோகத்தின் பெயர். கணக்குப் பார்க்கிற ஆள் என்று அர்த்தம். இரண்டாம் உலக யுத்தத்தில் பீரங்கிக் குண்டு எந்தப் பாதையில் போய் எங்கே விழும் என்ற அட்டவணைகளை இராணுவத்துக்குக் கணித்துக் கொடுக்க, பிலடெல்பியாவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒரேயொரு குண்டின் பாதையைக் கணிக்கவே ஓர் ஆளுக்கு 30, 40 மணித்தியாலம் பிடித்தது. அதே பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைச் செய்வதற்காக 'எனியாக்' என்ற இயந்திரத்தைக் கட்டினார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 தொன் பாரம். அதை இயக்குவதற்கு அந்தப் பெண்களில் ஆறு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவர் பெற்றி ஸ்னைடர். பிற்காலத்தில் பெற்றி ஹோல்பேர்ட்டன் என்று அறியப்பட்டவர். கணிதம் படிக்கத்தான் அவர் பல்கலைக்கழகம் போனார். முதல் நாள் வகுப்பிலேயே பேராசிரியர், வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தால் நல்லதல்லவா என்று கேட்டாராம். அவர் கணிதத்தை விட்டுவிட்டு இதழியல் படித்தார். எங்கட பாசையில் சொன்னால், கலைப்பீடத்துக்கு வந்துவிட்டார். பிறகு யுத்தம் வந்தது, ஆண்கள் போர்க்களத்துக்குப் போனார்கள், கணக்குப் பார்க்க ஆளில்லாமல் அவரைக் கூப்பிட்டார்கள்.

எனியாக்குக்கு மொழியே இருக்கவில்லை. கையேடும் இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைக் கொடுத்து, இது எப்படி வேலை செய்யுது என்று நீங்களே கண்டுபிடியுங்கோ என்று விட்டார்கள். வயர்களைக் கழற்றி மாட்டி, சுவிட்சுகளைத் திருப்பித்தான் ஒரு கணக்கை அதற்குள் ஏற்ற முடிந்தது. 1946 பெப்ரவரியில் எனியாக்கை உலகத்துக்குக் காட்டியபோது, குண்டு பறக்கிற நேரத்தைவிட விரைவாக அதன் பாதையைக் கணித்துக் காட்டினார்கள். அந்தக் கணக்கை ஏற்றிய பெண்களை அன்றைய கொண்டாட்ட விருந்துக்கு அழைக்கவில்லை. அவர்களின் பெயர்கள் வெளியே வரப் பல பத்தாண்டுகள் எடுத்தன.

முதல் நிரலாளர்களிடம் "எந்த மொழி தெரியும்?" என்று கேட்க ஒரு மொழியும் இருக்கவில்லை. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படியாக உடைக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

சோம்பலில் பிறந்த மொழி

அடுத்த பத்து வருடத்தில் கணினிகள் கூடின. இயந்திரத்துக்குப் புரிகிற இலக்கங்களில் ஒவ்வொரு கட்டளையையும் எழுதுவது பெரிய சள்ளை. ஒரு கணினிக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. இந்த இடத்தில்தான் ஜோன் பக்கஸ் வருகிறார்.

பக்கஸின் கதையை வாசித்தபோது எங்கட அறையில் எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது. முதல் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குப் போகாமல் வெளியேற்றப்பட்டார். இராணுவத்தில் இருந்தார். மருத்துவம் படிக்கத் தொடங்கி அதையும் விட்டார். வானொலி திருத்துகிற பாடசாலையில் சேர்ந்தபோதுதான் கணிதத்தில் ஆசை வந்தது. 1950இல் நியூயோர்க்கில் ஐபிஎம் நிறுவனம் காட்சிக்கு வைத்திருந்த பெரிய கணினியைப் பார்க்கப் போனவர், வேலை கேட்டு, அங்கேயே சேர்ந்துவிட்டார். அவர் தலைமையிலான குழு 1957இல் ஃபோர்ட்ரான் என்ற மொழியை வெளியிட்டது. சூத்திரங்களைக் கிட்டத்தட்டக் கணிதத்தில் எழுதுவது போலவே எழுதலாம். அதை இயந்திரக் கட்டளையாக மாற்றுகிற வேலையைக் கம்பைலர் என்கிற இன்னொரு நிரல் பார்த்துக்கொள்ளும். தனக்கு நிரல் எழுதப் பிடிக்காததால்தான் இந்த வேலையில் இறங்கினேன் என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

அப்போது அனுபவமான நிரலாளர்கள் இதை நம்பவில்லை. இயந்திரம் எழுதுகிற கட்டளை மனிதர் எழுதுவதைப் போலத் திறமாக இருக்காது என்றார்கள். அந்தக் காலத்தில் கம்பைலர் வேலைக்கு வைத்த பெயரே 'தானியங்கி நிரலாக்கம்'தான். இனி நிரலாளர்கள் தேவைப்படாது, முகாமையாளர்களே எழுதிவிடுவார்கள் என்றுகூட விளம்பரம் செய்தார்கள். நடந்தது வேறு. வேலை இலகுவானதும் கணினியிடம் கேட்கிற வேலைகள் பெருகின, நிரலாளர்களுக்குப் பஞ்சம் வந்தது. 'ஏஐ எழுதும்' என்று சொன்ன பெடியனுக்கு இதைச் சொன்னோம். "அப்ப நடந்தது இப்பவும் நடக்கும் எண்டு என்ன நிச்சயம்?" என்றான். நியாயம்தான். ஆனால் அவன் சொல்லுவதும் நிச்சயமில்லை என்பதை ஒத்துக்கொண்டான்.

வாங்குகிறவர் கேட்ட மொழி

ஃபோர்ட்ரான் விஞ்ஞானிகளுக்குச் சரி. ஆனால் சம்பளப் பட்டியல், களஞ்சிய இருப்பு, வங்கிக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு? இங்கே கிரேஸ் ஹொப்பர் வருகிறார். 1934இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். 1943இல், 37 வயதில், அந்த வேலையை விட்டுக் கடற்படையில் சேர்ந்தார். அவரை ஹார்வார்டில் இருந்த ஒரு கணினிக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் அவர் கணினியைக் கண்டதே இல்லை.

வியாபாரக் கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் குறியீடுகள் ஒத்துவராது, அவர்கள் சாதாரணச் சொற்களில் கட்டளை எழுத வேண்டும் என்பது ஹொப்பரின் வாதம். 1950களின் நடுப்பகுதியில் அவரின் குழு ஆங்கிலச் சொற்களில் எழுதக்கூடிய ஃப்ளோமற்றிக் என்ற மொழியை உருவாக்கியது. இதில் அவரே பிற்காலத்தில் சொன்ன ஒரு கதை இருக்கிறது. அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜேர்மன் சொற்களிலும் எழுதினாலும் கணினி ஏற்கும் என்று நிறுவனத்தின் மேலிடத்துக்குச் செய்து காட்டினாராம். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான், அது வெறும் குறியீடு. மேலிடம் அதிர்ந்துபோனது. அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் ஜேர்மனும் எப்படி விளங்கும் என்று கேட்டார்களாம். ஆங்கிலத்தில் மட்டும்தான் செய்வோம் என்று அவர் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கனநேரம் கதைத்தோம். எங்கட பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். யாரை வெட்டி விழுத்தும் என்று எல்லாருக்கும் தெரியும். நிரல்மொழிகளில் ஆங்கிலச் சொற்கள் இருப்பதை நாங்கள் மழை பெய்கிற மாதிரி ஓர் இயற்கை விசயமாக நினைத்திருந்தோம். அது ஒரு கூட்ட அறையில் சிலர் எடுத்த முடிவுகளின் விளைவு என்று அதுவரை யோசித்ததில்லை. பிறகு தேடியபோது, முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி கண்ணில் பட்டது. அதில் 'பதிப்பி' என்று எழுதினால் கணினி திரையில் பதிப்பிக்கும். வேலை எடுத்துத் தராது. ஆனால் ஹொப்பர் சொன்னது உண்மை என்று விளங்கப்படுத்துகிறது.

சரி, கதைக்கு வருவோம். 1959 ஏப்ரலில் மேரி ஹோஸ் என்பவரின் முயற்சியில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. மே 28, 29ஆம் திகதிகளில் பென்டகனில் பெரிய கூட்டம். கணினி செய்கிற நிறுவனங்களும் வாங்குகிற நிறுவனங்களும் இருந்தன. எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய ஒரு பொதுவான வியாபார மொழி வேண்டும் என்று முடிவானது. அதுதான் கோபோல். இதழியல் படித்த பெற்றி ஹோல்பேர்ட்டனும் அதில் பங்கெடுத்தார். மொழியை உருவாக்கிய குழுவுக்கு வைத்த பெயர் 'குறுகியகாலக் குழு'. ஆறுதலாக இன்னொரு குழு நல்ல மொழி ஒன்றைச் செய்யும்வரை தற்காலிகமாகச் சமாளிக்கத்தான் இது. அந்தக் குழுவிலேயே கனபேருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஒருவர் கோபோல் என்று பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை வாங்கி, இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான பாதுகாப்புத் திணைக்கள அதிகாரிக்கு அனுப்பியும் வைத்தார்.

கல்லறைக் கல் வந்த பிறகும் கோபோல் சாகவில்லை. உலகத்திலேயே அதிகமாகக் கணினி வாங்குகிற அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், கோபோல் ஓடாத கணினியை வாங்க மாட்டோம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. விற்கிறவர்கள் எல்லாரும் கோபோலைக் கொண்டுவந்தார்கள். பிறகு வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், ஓய்வூதியத் திணைக்களங்கள் எல்லாம் அதில் எழுதின. 1975இல் டைக்ஸ்ட்ரா என்ற புகழ்பெற்ற கணினி விஞ்ஞானி, கோபோல் படிப்பிப்பதைக் குற்றச்செயலாகக் கருத வேண்டும் என்று எழுதினார். அவர் எழுதியதால் எந்த வங்கியும் தன் நிரலை மாற்றவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை இழந்தவர்கள் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்துப் பழைய கணினித் தொகுதி திணறியபோது, கோபோல் தெரிந்த தொண்டர்கள் தேவை என்று நியூ ஜேர்சி மாநில ஆளுநர் பத்திரிகையாளர் முன்னிலையில் கேட்டார். தற்காலிகமாகச் செய்த மொழிக்கு அப்போது வயது 60.

மொழி நல்லதா கூடாதா என்பது விஞ்ஞானிகளின் சண்டை. அதில் வேலை இருக்குமா என்பதைப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குகிறவர் தீர்மானித்திருக்கிறார்.

திறந்த கதவும் மூடிய கதவும்

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் கணினி விஞ்ஞானப் பட்டம் என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் முதலாவது கணினி விஞ்ஞானத் துறையைத் தொடங்கியது 1962இல்தான். ஆகவே எல்லா நிரலாளரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். ஐபிஎம் நிறுவனம் ஒரு உளச்சார்புப் பரீட்சை வைத்திருந்தது. அதில் தேறினால் பயிற்சி அவர்களே கொடுப்பார்கள். 1967இல் 'கொஸ்மோபொலிற்றன்' என்ற பெண்கள் சஞ்சிகை, கணினி வேலை பெண்களுக்கு நல்ல எதிர்காலம் என்று ஒரு கட்டுரையே வெளியிட்டது.

பிரித்தானியாவில் ஸ்ரெபானி ஷேர்லி. 1933இல் ஜேர்மனியில் பிறந்த யூதக் குழந்தை. 1939இல், ஐந்து வயதில், நாசிகளிடமிருந்து தப்பி, பெற்றோர் இல்லாமல் அக்காவோடு ரயிலேறி இங்கிலாந்துக்கு அகதியாக வந்தார். தபால் திணைக்கள ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் ஆறு வருடம் படித்துக் கணிதப் பட்டம் எடுத்தார். பெண் என்பதால் எங்கும் பதவி உயர்வு தடைப்பட்டது. 1962இல் 6 பவுண் முதலோடு சொந்த நிறுவனம் தொடங்கினார். பிள்ளை பிறந்ததால் வேலையை விட்ட பெண் நிரலாளர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். தன் பெயரில் கடிதம் அனுப்பினால் பதில் வரவில்லை, 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டதும் வரத் தொடங்கியது. கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது இந்தப் பெண்கள்தான். வீட்டில், பென்சிலும் தாளும் கொண்டு.

பிறகு கதவு மெல்ல மெல்ல மூடியது. வேலையின் மதிப்பும் சம்பளமும் கூடக் கூட, நிரலாளர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற படம் ஒன்று உருவானது. 1960களின் நடுவில் இரண்டு உளவியலாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிரலாளர்களை ஆராய்ந்து, இவர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் அக்கறை குறைவு என்று எழுதினார்கள். ஆராயப்பட்டவர்களில் பெரும்பான்மை ஆண்கள். ஆளெடுக்கிற நிறுவனங்கள் அதன்படி ஆள் தேட, அப்படிப்பட்ட ஆட்களே வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984 அளவில் ஏறத்தாழ 37 வீதம். முப்பது வருடத்தின் பின் அது 18 வீதமளவுக்கு இறங்கியிருந்தது. "உங்களுக்கு இது சரிவராது" என்ற சொல்லுக்கு வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கத்தில் அந்தச் சொல் இருக்கவில்லை.

எங்களுக்காகவே செய்த ஒரு மொழி

எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்று இரண்டு கணிதப் பேராசிரியர்கள். கெமனியும் புடாபெஸ்டிலிருந்து 1940இல் வந்து சேர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவர்களின் கல்லூரியில் நாலில் மூன்று பங்கு மாணவர்கள் கலையும் சமூக விஞ்ஞானமும் படித்தவர்கள். நாளைக்கு நாட்டை நடத்தப் போவதும் நிறுவனங்களை நடத்தப் போவதும் இவர்கள்தான், இவர்களுக்குக் கணினி தெரியாமல் இருப்பது ஆபத்து என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். இருந்த மொழிகளோ கலைப்பீட மாணவர்களைக் கலைத்துவிடும். அதனால் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். பேசிக். 1964 மே 1ஆம் திகதி அதிகாலை 4 மணிக்கு முதல் நிரல்கள் ஓடின. அந்தத் தொகுதியை எழுதியதில் பெரும் பங்கு இளநிலை மாணவர்களுடையது.

பேசிக்கையும் டைக்ஸ்ட்ரா விடவில்லை. அதைப் படித்த மாணவர்களின் மூளை திருத்த முடியாதபடி பழுதாகிவிட்டது என்று அதே 1975இல் எழுதினார். அதே 1975இல்தான் பில் கேட்ஸும் போல் அலனும் அல்டெயர் என்ற சின்னக் கணினிக்கு ஒரு பேசிக் எழுதி விற்றார்கள். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் முதல் பொருள் அது. 1980களில் வீட்டுக் கணினி வாங்கிய பிள்ளைகளில் கனபேர் முதலில் எழுதியது பேசிக்கில்தான்.

யாராலும் சொல்ல ஏலாது

பைத்தனின் கதையும் இதோடு சேர்ந்தது. நெதர்லாந்தில் ஒரு அரச ஆய்வு நிலையத்தில், நிரலாளர் அல்லாதவர்களுக்காக ஏபிசி என்ற மொழியைச் செய்தார்கள். அது பெரிதாகப் பரவவில்லை. அதில் வேலை செய்த குயிடோ வான் றொசம், 1989 நத்தார் விடுமுறையில் பொழுதுபோக்காக இன்னொரு மொழியைத் தொடங்கினார். ஒரு பிரித்தானிய நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்து அதற்கு பைத்தன் என்று பெயர் வைத்தார். 1991 பெப்ரவரியில் வெளியிட்டார். அன்றைக்கு யாராவது, "வேலைக்கு பைத்தன் படி" என்று சொல்லியிருந்தால் விசர் என்றிருப்பார்கள். பிறகு விஞ்ஞானிகள் அதில் கணக்குக் கருவிகளை எழுதினார்கள், அதைத் தரவு ஆய்வுக்காரர்கள் பிடித்தார்கள், அதை ஏஐ ஆய்வுக்காரர்கள் பிடித்தார்கள். இதெல்லாம் நடக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 2000களில் இணையத்தில் அசைகிற படம், விளையாட்டு என்றால் ஃப்ளாஷ்தான். அதற்கான அக்ஷன்ஸ்கிரிப்ட் மொழியைப் படித்தவர்களுக்கு நல்ல கிராக்கி. ஃப்ளாஷ் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஐபோனில் அதற்கு இடமில்லை என்று 2010இல் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கமாக எழுதினார். 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதன் சொந்தக்காரரே ஆதரவை நிறுத்திவிட்டார். நல்லாப் படித்தவர்களின் பிழை இதில் ஒன்றும் இல்லை.

கல்லறைக் கல் அனுப்பிய மொழி 60 வருடம் வாழ்கிறது. எல்லாரும் படிக்கச் சொன்ன மொழி பதினைந்து வருடத்தில் போகிறது. விடுமுறையில் செய்த மொழி உலகத்தைப் பிடிக்கிறது. "இந்த மொழி படித்தால் வேலை நிச்சயம்" என்று சொல்லுகிறவர், அந்தந்தக் காலத்துப் பெரிய ஆட்களுக்கே தெரியாத ஒன்றைத் தனக்குத் தெரியும் என்கிறார். அந்த 'நிச்சயத்துக்கு' ஓர் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்.

என்ன முடிவெடுத்தோம்

இத்தனை பேரின் கதையையும் வாசித்த பிறகு ஒரு விசயம் கண்ணில் பட்டது. ஹோல்பேர்ட்டனோ, ஹொப்பரோ, ஷேர்லியோ மொழியைப் பார்த்துத் தொழிலுக்கு வரவில்லை. ஒரு வேலை முன்னால் வந்தது, அதற்குள் இறங்கினார்கள், கையில் இருந்ததைக் கொண்டு செய்தார்கள், தேவைப்பட்டபோது மாற்றினார்கள். வயர் மாட்டத் தொடங்கிய ஹோல்பேர்ட்டன், 1950களின் தொடக்கத்தில், பெருந்தொகைத் தரவை ஒழுங்குபடுத்துகிற நிரலைத் தானே எழுதித் தருகிற ஒரு நிரலைச் செய்தார். இடையில் கணினிகள் மாறின, மொழிகள் வந்தன. ஒரு வேலையை உடைத்துப் பார்க்கிற பழக்கம் கூடவே வந்தது.

எல்லாவற்றையும் இனிப்பாகச் சொல்லவும் நாங்கள் விரும்பவில்லை. அவர்கள் வந்த காலத்தில் நிறுவனங்கள் ஆளில்லாமல் தவித்தன, சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தன. இன்றைக்குப் பயிற்சிக்கு நாங்கள் காசு கட்ட வேண்டியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி. எங்களுக்கு முதலில் அந்த வாளைப் பிடிக்கப் பழக வேண்டும்.

எங்கட சிநேகிதி அந்த வகுப்புக்குக் காசு கட்டவில்லை. பதிலாக அவளிடம், "உனக்குக் கணினியால என்ன வேலை ஆகோணும்?" என்று கேட்டோம். அவளின் ஆய்வுக்கட்டுரை பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவித்தல்கள் பற்றியது. எந்த ஊர்ப் பெயர் எந்த வருடத்தில் எத்தனை தரம் வருகிறது என்று கொப்பியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "இதை எண்ணோணும்" என்றாள். அதற்கு பைத்தன் போதும், அது இலவசம், பொறியியல் பீடத்தில் படிக்கிற அவளின் ஒன்றுவிட்ட தம்பிக்கும் தெரியும். பிழைத்தால் கேட்க ஆளிருக்கு என்பதுதான் தெரிவுக்கு முக்கியமான காரணம்.

மூன்று கிழமை ஆகிறது. ஒரு லப்டொப்பை நாலு பேர் மாறி மாறிப் பாவிக்கிறோம். முதல் கிழமை முழுக்கத் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன. முந்தநாள் இரவு பதினொரு மணிக்கு அது முதன்முதலாக எண்ணிக் காட்டியது. 'பருத்தித்துறை' 41 தரம். அவள் கொப்பியில் கோடு போட்டு எண்ணியது 38. எது சரி என்று பார்க்க, நாலு பேரும் திரும்பவும் முதலாவது பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம்.